வொல்லங்காங்கில் படிக்க வருகிறீர்களா? சிட்னியை ஒன்றரை மணி நேரம் தள்ளியே வையுங்கள்

வொல்லங்காங் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானதும் நம் பிள்ளைகளில் பலர் கேட்கும் முதல் கேள்வி, "சிட்னியில் ரூம் எடுத்துக்கொண்டு ரயிலில் போய்வந்தால் என்ன?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. சித்தப்பா குடும்பம் பெண்டில் ஹில்லில் இருக்கும், கூடப் படித்தவர்கள் நாலு பேர் ஹாரிஸ் பார்க்கில் ஒரு ஃபிளாட் எடுத்திருப்பார்கள், வேலையெல்லாம் சிட்னியில்தான் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். சிட்னியிலிருந்து போய்வரும் இந்த ஒரு முடிவால் முதல் செமஸ்டர் பாதியிலேயே களைத்துப்போய், வகுப்பில் தூங்கி, கடைசியில் பாடத்தையும் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். சிட்னி சென்ட்ரலிலிருந்து வொல்லங்காங் சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது, சவுத் கோஸ்ட் லைன் ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கமிருந்து கிளம்பினால் சென்ட்ரலுக்கு வந்து வண்டி மாறவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். இந்தப் பாதையில் நெரிசல் நேரம் தவிர மணிக்கு ஒன்றோ இரண்டோ வண்டிகள்தான், ஒன்றைத் தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஆகப் போகவர ஐந்து மணி நேரம். வகுப்பு இருப்பது மூன்று நாள்தானே என்பீர்கள். ஆனால் குரூப் அசைன்மென்ட் செய்யும் சக மாணவர்கள் சந்திப்பது வகுப்பில்லாத நாளில்தான், ஆசிரியர் மாணவர்களைப் பார்க்க ஒதுக்கும் நேரமும் நீங்கள் ரயிலில் இருக்கும் நேரமாகவே அமையும்.

ஊரிலேயே தங்குங்கள். சிட்னிக்கு மாதம் ஒன்றிரண்டு முறை, திட்டமிட்டு, ஒரு முழு நாளுக்குப் போங்கள். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

கிழக்கே கடல், மேற்கே சுவர் மாதிரி எழும்பி நிற்கும் இலவாரா மலைச்சரிவு, நடுவில் ஒடுக்கமான ஒரு சமதளம். ஊர் முழுக்க அந்தச் சமதளத்தில்தான் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஜனத்தொகை மூன்று லட்சத்தை ஒட்டி. நிலக்கரிச் சுரங்கமும், 1928இலிருந்து போர்ட் கெம்ப்லாவில் நடக்கும் இரும்பாலையும் வளர்த்த ஊர் இது. அந்த வேலைக்காக இத்தாலி, மாசிடோனியா என்று பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நம் உச்சரிப்பைக் கேட்டு முகம் சுளிக்காத ஊர் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பல்கலைக்கழகம் 1951இல் வேறொரு நிறுவனத்தின் கிளையாக ஆரம்பித்து 1975இல் தனிப் பல்கலைக்கழகமானது. கெய்ரா மலையின் அடிவாரத்தில், மரங்களுக்கு நடுவில் வளாகம் இருக்கிறது, குளத்து வாத்துகள் மாணவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் நடைபாதையில் உலாவும்.

வீடு: பஸ் வழித்தடத்தை முதலில் பாருங்கள்

ரூம் தேடும்போது எல்லோரும் வாடகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் காங் ஷட்டில் போகும் தெருக்களை முதலில் பாருங்கள். 55ஏ, 55சி என்று இரண்டு எண்களில் ஒரே வட்டத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றிவரும் இலவச பஸ் அது. பல்கலைக்கழகம், நகர மையம், மருத்துவமனை, நார்த் வொல்லங்காங், ஃபேரி மெடோ எல்லாவற்றையும் தொட்டுப் போகும். அட்டை தட்ட வேண்டாம், டிக்கெட் வேண்டாம். இது தவிர நார்த் வொல்லங்காங் ரயில் நிலையத்துக்கும் வளாகத்துக்கும் நடுவே ஒரு இலவச பஸ்ஸும் ஓடுகிறது. இந்த வட்டத்துக்குள் வாரம் 20 டாலர் கூடுதலாகக் கொடுத்து இருப்பவர், வட்டத்துக்கு வெளியே மலிவான ரூமில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸுக்குக் காசு கொடுப்பவரைவிட மாதக் கடைசியில் நன்றாகத்தான் இருப்பார்.

கெய்ராவில், க்வின்வில் என்ற இரண்டு பகுதிகளும் வளாகத்துக்கு நடந்து போகும் தூரம், அதனால் சீக்கிரம் நிரம்பிவிடும். கெய்ராவில் மேடு, சாமான் பையோடு ஏறினால் மூச்சு வாங்கும். ஃபேரி மெடோ எனக்குப் பிடித்த பகுதி, சமதளம், பெரிய சூப்பர்மார்க்கெட், ரயில் நிலையம், கடற்கரை நான்கும் அங்கே உண்டு, ஷட்டிலும் வரும். நகர மையத்தில் ஃபிளாட்டுகள் அதிகம், வாடகையும் அதிகம். கோனிஸ்டன், ஃபிக்ட்ரீ, கொரிமல் பக்கம் போனால் கொஞ்சம் குறையும், ஆனால் ராத்திரி வேலை முடிந்து திரும்பும் வழியை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாடகை இங்கே வாரக் கணக்கு. மாதத்துக்கு நான்கு வாரம் என்று பெருக்கிவிடாதீர்கள், வருடத்துக்கு 52 வாரம், 48 இல்லை. பகிர்ந்து இருக்கும் வீட்டில் ஒரு தனி ரூம் வாரம் 200 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது, கிடைத்தால் அதில் என்ன குறை என்று நிதானமாகப் பாருங்கள். கரன்ட், தண்ணீர், இன்டர்நெட் வாடகையோடு சேர்ந்ததா, தனியா என்பதைப் பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாண்ட் என்ற வைப்புத் தொகை பற்றித் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் நிறைய. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டப்படி பாண்ட் நான்கு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, முன்பண வாடகை இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வாங்கிய பாண்ட் பணம் வீட்டுக்காரர் பாக்கெட்டில் இருக்கக் கூடாது, மாநில அரசின் ஃபேர் டிரேடிங் துறையில் கட்டப்பட வேண்டும். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, நாம தமிழ் ஆளுங்கதானே" என்று ஒரு அண்ணன் சொன்னாலும் சிரித்துக்கொண்டே ரசீது கேளுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம், ஏற்கெனவே லீஸில் இருக்கும் ஒருவர் தன் வீட்டில் உங்களுக்கு ஒரு ரூம் கொடுக்கும்போது எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாடகைதாரர் ஆகாமல் போகலாம், அப்புறம் பாதுகாப்பும் குறைந்துவிடும். ஒரு பக்கத் தாளாக இருந்தாலும் கையெழுத்தோடு இருக்கட்டும்.

குடிபோன அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் போன் கேமராவில் எடுத்து வையுங்கள். வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவம் ஒன்று தருவார்கள், அதை நிரப்பி ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த கறை ஒவ்வொன்றையும் எழுதுங்கள், வெட்கப்படாதீர்கள். வீட்டைப் பார்க்காமல், வெளிநாட்டில் இருக்கும்போதே மொத்தப் பணத்தையும் அனுப்பச் சொல்லும் விளம்பரம் எதையும் நம்பாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குத் தற்காலிகமாக ஒரு இடம் எடுத்துக்கொண்டு, நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்வதுதான் பாதுகாப்பு. பல்கலைக்கழக விடுதிகள் செலவு கூடுதல், ஆனால் முதல் வருடம் தனியாக வரும் பெண் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நான் விடுதியைத்தான் சொல்வேன், ஆட்கள் பழக்கமாவதற்கும் அது நல்ல இடம்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பனி கொட்டாது, ஜூலையில் பகலில் 17 டிகிரி வரை இருக்கும், ராத்திரி 8 வரை இறங்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருந்தாலும், பழைய வாடகை வீடுகளில் சுவர் குளிரைத் தடுக்காது, வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் குளிரும். வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள ரூமைத் தேடுங்கள். நம் ஊரில் தெற்கு ஜன்னல் தேடுவோம், இங்கே பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் வெயில் வடக்கிலிருந்து வரும். மேற்கே மலை மறைப்பதால் மாலை வெயிலும் சீக்கிரம் போய்விடும், மலையடிவாரத்து வீடுகளில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு அதிகம். அலமாரிக்குள் மூக்கை விட்டு முகர்ந்து பாருங்கள்.

வேலை

மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், 2023 ஜூலை முதல் இந்த விதி இருக்கிறது. விடுமுறைக் காலத்தில் வரம்பு இல்லை. ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்களுக்கும் வரம்பு இல்லை. இரண்டு வாரம் என்பது எந்தத் திங்கட்கிழமையிலிருந்தும் எண்ணப்படும் 14 நாள், ஆகவே "போன வாரம் குறைவாகச் செய்தேன், இந்த வாரம் 40 மணி நேரம் செய்கிறேன்" என்று கணக்குப் போடும்போது அடுத்த வாரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சிட்னியில்தான் வேலை என்பது பாதி உண்மை. எண்ணிக்கையில் அங்கே அதிகம்தான், போட்டியும் அதே அளவு அதிகம். இங்கே சூப்பர்மார்க்கெட், கஃபே, மருத்துவமனைத் துப்புரவு, முதியோர் இல்லம், கிடங்கு, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மாணவர்களுக்கான வேலை என்று இருக்கிறது. ஊர் சின்னது என்பதால் ஒருவர் உங்களைப் பற்றி நல்லபடியாகச் சொன்னால் அடுத்த இடத்தில் கதவு திறக்கும். கிடைக்க ஒரு மாதம், இரண்டு மாதம்கூட ஆகலாம், அதுவரைக்கும் சமாளிக்கக் கையில் பணம் இருக்க வேண்டும். விசாவுக்கு ஒரு வருட வாழ்க்கைச் செலவாக 29,710 டாலர் காட்டச் சொல்வது 2024 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள கணக்கு. கடன் வாங்கி வங்கியில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது மிகப் பெரிய ஆபத்து. அந்த நிலையில் வருகிறவர்கள்தான் எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்ட வேண்டியதாகிறது.

சம்பளம் பற்றி உறுதியாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலை முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், நிரந்தரமில்லாத கேஷுவல் வேலை என்றால் அதற்கு மேல் 25 சதவீதம் சேர வேண்டும். 21 வயதுக்குக் கீழே இருந்தால் குறையும். ஒவ்வொரு ஜூலையிலும் இந்த எண் மாறும், போய்ப் பாருங்கள். இதற்கு மேல் முதலாளி உங்கள் ஓய்வூதியக் கணக்கில் 12 சதவீதம் சூப்பர் கட்ட வேண்டும், நீங்கள் நாட்டை விட்டுப் போகும்போது வரி பிடித்தது போக மீதியைக் கேட்டு வாங்கலாம். டாக்ஸ் ஃபைல் நம்பர் வரித்துறையில் இலவசமாகக் கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஊழியராக வேலை வாங்கிக்கொண்டு "ஏபிஎன் (வியாபாரப் பதிவு எண்) எடுத்துக்கொண்டு வா" என்று சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை, உங்களைக் காகிதத்தில் தனி வியாபாரியாக்கிவிட்டால் விடுப்பு, சூப்பர், குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் கழன்றுபோகும்.

மணிக்கு 12 டாலர், 15 டாலர் கையில் கொடுத்து வேலை வாங்கும் கடைகள் உண்டு, வருத்தத்தோடு சொல்கிறேன், அவற்றில் சில நம்மவர்கள் நடத்துவதும்தான். நேரம் தெரியும்படி நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், ஷிப்ட் குறித்து வந்த மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஊழியர் உரிமைகளைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தில் தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், கட்டணம் இல்லை. புகார் செய்தால் விசா போய்விடும் என்று மிரட்டுவது வழக்கம், விசாவை ரத்து செய்யும் அதிகாரம் எந்த முதலாளிக்கும் இல்லை.

சிட்னிக்குப் போகும் நாள்

பஸ், ரயிலுக்குத் தட்டும் ஓபல் அட்டையில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஒரு நாள் கட்டண உச்சவரம்பு வார நாளில் இருப்பதில் பாதிதான், 10 டாலரை ஒட்டி வரும். அதற்குள் வொல்லங்காங்கிலிருந்து சிட்னி, அங்கே ரயில், பஸ், ஃபெரி, திரும்பி வருவது எல்லாமே அடங்கும். ஆகவே போவதென்றால் அந்த மூன்று நாளில் போங்கள். விமான நிலைய ரயில் நிலையக் கட்டணம் மட்டும் இதில் சேராது, அது தனி. முதன்முதலில் வந்து இறங்கும்போது விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வந்து சவுத் கோஸ்ட் வண்டி பிடிக்கலாம், பெரிய பெட்டிகள் இருந்தால் பல்கலைக்கழகம் அழைத்துவர ஏற்பாடு செய்கிறதா என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

வார இறுதியில் தண்டவாள வேலை என்று சொல்லி ரயிலை நிறுத்திவிட்டு பஸ் விடுவது இந்தப் பாதையில் அடிக்கடி நடக்கும், நேரம் கணிசமாகக் கூடிவிடும். பலத்த மழையில் மலைப் பகுதியில் மண் சரிந்து பாதை மூடப்படுவதும் உண்டு. கிளம்பும் முன் டிரிப்வியூ செயலியில் பார்த்துவிடுங்கள், திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிட்னி போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். தெர்ரூலுக்கு வடக்கே ஸ்கார்பரோ, கோல்கிளிஃப் வரை ரயில் கடலுக்கு மேல் விளிம்பில் போவது போல இருக்கும். காசு கொடுத்துச் சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கும் காட்சி அது, உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.

அங்கே என்ன செய்வது? பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் ஈழத் தமிழர் கடைகள் நிறைய. இட்லி அரிசி, சிவப்பரிசி மா, இடியாப்ப மா, கருவாடு, நல்ல மிளகாய்த்தூள் எல்லாம் மொத்தமாக வாங்கி வரலாம். மேஸ் ஹில்லில் சிட்னி முருகன் கோயில் இருக்கிறது, தைப்பூசம் மாதிரியான நாளில் ஊர்ப் பக்கம் இருக்கிற உணர்வு வரும். சித்தப்பா வீட்டிலும் ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ராத்திரி தங்கிக் காலையில் திரும்புங்கள். வொல்லங்காங்கிலேயே இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன, அன்றாடத் தேவைக்கு அவை போதும், சில அயிட்டங்களுக்கு மட்டும்தான் சிட்னி.

வழியிலேயே ஹெலன்ஸ்பர்க் இருக்கிறது. அங்கே காட்டுக்கு நடுவே 1985இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரர் கோயில், ஆஸ்திரேலியாவில் நம்முடைய ஆகம முறைப்படி கட்டிய பழைய கோயில்களில் ஒன்று. ஒரே வளாகத்தில் சிவனுக்கும் தனிச் சந்நிதி உண்டு. வார இறுதியில் கேன்டீனில் தோசையும் பொங்கலும் சாப்பிடவே வொல்லங்காங்கிலிருந்து மாணவர்கள் கூட்டமாகப் போவார்கள். ரயில் நிலையத்திலிருந்து கோயில் கொஞ்சம் தூரம், பஸ் அரிது, கார் இருக்கும் ஒரு சீனியரோடு பெட்ரோலைப் பகிர்ந்துகொண்டு போவதுதான் வசதி. கார் ஓட்டுவதென்றால், இங்கே 6 மாதத்துக்கு மேல் தங்குகிற தற்காலிக விசாக்காரர்கள் ஊர் லைசென்ஸை நியூ சவுத் வேல்ஸ் லைசென்ஸாக மாற்ற வேண்டும் என்பது 2023இலிருந்து விதி.

கடல்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கடற்கரை ஊரில் பிறந்திருந்தாலும் நம்மில் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியாது, முட்டியளவு தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துத்தான் பழக்கம். பசிபிக் கடலில் முட்டியளவு தண்ணீரிலிருந்தே ஆளை இழுத்துப் போகும். ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வெளிநாட்டு மாணவர்கள் மூழ்கிய செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது, நம் ஊர்ப் பெயர்களும் அதில் இருக்கின்றன.

சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி இல்லையென்றால் காவலர் இல்லை, அன்று இறங்க வேண்டாம். செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் பெரும்பாலான கடற்கரைகளில் காவல் இருக்கும். ரிப் என்று சொல்லும் இழுப்பு நீரோட்டம் ஓடும் இடத்தில் அலை உடையாது, தண்ணீர் கருத்து அமைதியாகத் தெரியும், புதியவர்கள் "இங்கே அலையே இல்லை" என்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், தெம்பு போய்விடும். மல்லாந்து மிதந்துகொண்டிருங்கள், கையைத் தூக்கி அசைத்துக் காட்டுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள்.

போர்ட் கெம்ப்லாவின் ஹில் 60 பாறைகளில் தூண்டில் போடப் போய் உயிரை விட்டவர்கள் பலர். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் பாறையில் மீன் பிடிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள். ராயல் நேஷனல் பார்க்கில் இருக்கும் ஃபிகர் எய்ட் பூல்ஸ் போட்டோவில் அழகாக இருக்கும், அங்கேயும் திடீரென்று பாறை மேல் ஏறும் அலை எத்தனையோ பேரை அடித்து உருட்டியிருக்கிறது.

பயமுறுத்தி ஒதுக்கி வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை, இந்தக் கடல் உங்களுடையதாக வேண்டும் என்பதற்காகத்தான். ஆஸ்டின்மர், வோம்பாரா, கோல்கிளிஃப் என்று வடக்கே வரிசையாகப் பாறைக்குள் கட்டிய கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன, இலவசம். அலை அமைதியாக இருக்கும் நாளில் நீச்சல் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அங்கே பழகுங்கள், முதல் கோடை முடிவதற்குள் ஒரு நீச்சல் வகுப்பிலும் சேர்ந்துவிடுங்கள். கோடையில் வடகிழக்குக் காற்றடித்தால் புளூபாட்டில் என்ற நீல நிற ஜெல்லிமீன் கரை ஒதுங்கும். பட்டால் எரியும், கடல்நீரில் கழுவி ஒட்டியிருக்கும் நூலை எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் வெந்நீர் விட்டால் அடங்கும். மேகமாக இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடுங்கள், கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இந்த ஊர் வெயிலை அறியாதவர்கள்.

காசில்லாத வாரங்களில் இந்தக் கடற்கரைதான் உங்களைக் காப்பாற்றும். தெர்ரூலிலிருந்து நகரம் வரை கடலோரமாகவே நடைபாதை இருக்கிறது, சைக்கிளிலும் போகலாம், ஹெல்மெட் கட்டாயம். கோல்கிளிஃப் நிலையத்தில் இறங்கி நடந்தால் 2005இல் திறந்த சீ கிளிஃப் பாலம் வரும். மலையிலிருந்து பாறை விழுந்து விழுந்து பழைய சாலை மூடப்பட்டதால் சாலையையே கடலுக்கு மேல் 665 மீட்டருக்கு வளைத்துக் கட்டிவிட்டார்கள். வளாகத்தை ஒட்டித் தாவரவியல் பூங்கா இருக்கிறது, அதுவும் இலவசம். பெர்க்லியில் நான் டியென் பௌத்தக் கோயில், மனம் சரியில்லாத ஒரு நாளில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

படிப்பும் உடம்பும் மனசும்

செமஸ்டரை இங்கே ஆட்டம் (Autumn, இலையுதிர் காலம்), ஸ்பிரிங் (Spring, வசந்த காலம்) என்று சொல்வார்கள். ஆட்டம் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தொடங்கும், ஸ்பிரிங் ஜூலை கடைசியில். கடினமான பாடங்களுக்கு பாஸ் என்று ஒரு ஏற்பாடு உண்டு, முன்பு அந்தப் பாடத்தில் நன்றாகச் செய்த சீனியர் மாணவர் வாராவாரம் ஒரு குழுவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவார். இலவசம். நம் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் வேலைக்கு ஓடி அதைத் தவறவிடுகிறார்கள், வேலை நேரத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். சென்சஸ் தேதி என்று சொல்லும் கடைசிக் கெடுவுக்கு முன் ஒரு பாடத்தை விட்டால் அந்தக் கட்டணச் சுமை இல்லாமல் விடலாம், தாண்டினால் முடியாது. ஆனால் பாடத்தை விட்டால் விசாவுக்கான படிப்புக் காலம் தள்ளிப்போகுமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் விடாதீர்கள்.

மருத்துவக் காப்பீடு விசாவோடு கட்டாயம், ஆனால் பல்லும் கண்ணும் சாதாரணத் திட்டத்தில் வராது. ஊரிலேயே பல்லைச் சரிபார்த்துவிட்டு வாருங்கள், இங்கே ஒரு வேர் சிகிச்சைக்கு ஆகும் செலவு ஒரு மாத வாடகையைத் தாண்டும். காய்ச்சல், இருமலுக்கு அவசரப் பிரிவுக்கு ஓடாமல், உங்கள் காப்பீட்டு நிறுவனத்தோடு நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் ஜிபியை (பொது மருத்துவரை) வந்த வாரமே கண்டுபிடித்து வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 000.

தனிமை வரும். பெரும்பாலான கடைகள் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் அடைத்துவிடும், வியாழக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதம். ஜூன், ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், தெருவில் ஆள் இருக்காது. ஊரில் ராத்திரி பத்து மணிக்கும் டீக்கடை வாசலில் நின்று பேசிப் பழகியவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம், சிட்னி மேல் ஏக்கம் வருவதும் இந்த மாதங்களில்தான். வாரம் ஒரு நாள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் சமைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் கிளப், மலையேறும் குழு என்று தமிழ் அல்லாத ஒரு கிளப்பில் கட்டாயம் சேருங்கள். அம்மாவிடம் பேசும் நேரத்தை நிலையாக வையுங்கள், இந்தியாவோடும் இலங்கையோடும் நேர வித்தியாசம் நாலரை மணி நேரம், கோடையில் ஐந்தரை. தூக்கம் கெட்டு, வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் நாள் நாளாகப் போனால் பல்கலைக்கழகக் கவுன்சலரைப் பாருங்கள், மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை, வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் லைஃப்லைன் 13 11 14, எந்த நேரமும் எடுப்பார்கள்.

முகவரிக் காகிதங்கள்

கடைசியாக ஒன்று, இதைப் பலர் படிப்பு முடியும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள். 2019 நவம்பரிலிருந்து வொல்லங்காங்கும் இலவாராவும் குடியேற்ற விதிகளில் பிராந்தியப் பகுதி, சிட்னி அப்படி இல்லை. பிராந்தியப் பகுதியிலேயே வசித்துக்கொண்டு அங்குள்ள வளாகத்தில் இரண்டு கல்வியாண்டு படித்தால் நிரந்தர வசிப்புக்கான புள்ளிக் கணக்கில் 5 கூடும். படிப்புக்குப் பிறகு வரும் முதல் 485 விசாவிலும் இரண்டு ஆண்டு இப்படியான பகுதியிலேயே வாழ்ந்தால், வொல்லங்காங் வகைப் பகுதிகளுக்கு இன்னொரு ஆண்டு கேட்கலாம். படித்தது இங்கே, தூங்கியது ஹாரிஸ் பார்க்கில் என்றால் அந்தப் புள்ளியைக் கேட்க முடியாது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் உள்துறை இணையதளத்தில் அவ்வப்போது நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

ஆகவே வந்த நாளிலிருந்து ஒரு ஃபோல்டர் வையுங்கள். லீஸ் அல்லது ரூம் ஒப்பந்தம், பாண்ட் ரசீது, உங்கள் பெயரில் வந்த கரன்ட் பில், வங்கிக் கடிதம், சம்பளச் சீட்டு, வீடு மாறிய ஒவ்வொரு தேதி, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் போட்டு வையுங்கள். பாண்டும் பில்லும் நண்பர் பெயரில் இருந்தால், வாடகையை வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பி, குறிப்பில் முகவரியை எழுதுங்கள். வீடு மாறினால் 7 நாளுக்குள் பல்கலைக்கழகத்திலும் முகவரியை மாற்றிவிடுங்கள், அது விசா நிபந்தனையும்கூட.